மைனி கொடுத்த சட்டை

அந்தக் கருவியை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் தலைக்கவசத்தில் மேல்பாதியை மட்டும் அறுத்தெடுத்து, வெள்ளிச் சாயம் பூசி, சுற்றிலும் மெல்லிய ஒயர்களை ஓடவிட்டு, நெற்றிக்கு நேராக ஒரு நீல விளக்கைப் பொருத்தியிருந்தார்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் கரை. அங்கே வலை உலர்த்தும் மணலில் ஒரு பிளாஸ்டிக் மேசையைப் போட்டு, அதன்மேல் இதை வைத்து, வெயில் படாமல் ஓர் ஆள் குடை பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊர்த் தேவாலயத்துக்கு ஆயர் வந்தபோதுகூட யாரும் அவ்வளவு பயபக்தியாகக் குடை பிடித்து நான் பார்த்ததில்லை. பின்பக்கம் ஒரு பொத்தானை அழுத்தினால் நீல விளக்கு எரியும், வண்டு முனகுவதுபோல ஓர் இரைச்சல் வரும். அதற்கு அவ்வளவுதான் தெரியும். மற்றதையெல்லாம் அது படத்தின் கதையில் செய்யும் என்றார்கள்.

கதை இனி வரப்போகும் காலத்தில் நடக்கிறது. அந்தத் தொப்பியை மாட்டிக்கொண்ட மனிதன் கண்டது, கேட்டது, முகர்ந்தது, பயந்தது எல்லாம் அதில் பதிந்துவிடும். பிறகு வேறொருவர் அதை மாட்டிக்கொண்டால், அத்தனையும் தன் உடம்பிலேயே நடப்பதுபோல இருக்கும். கடலில் எங்கே மீன் கிடக்கிறது என்று மீனவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பதைத் திரட்டுவதற்காக ஒரு கம்பெனி கரையில் இருக்கிற எல்லோர் தலையிலும் இதை மாட்டிவிடுகிறது. அவர்களில் ஒருவன் கடலில் காணாமல் போகிறான். தொப்பி மட்டும் கரை ஒதுங்குகிறது. அவன் மனைவி அதை எடுத்துத் தன் தலையில் வைக்கிறாள். இந்தப் படத்தை எடுக்கத்தான் சென்னையிலிருந்து வேன் வேனாக வந்து இறங்கினார்கள்.

நான் அப்போதும் இப்போதும் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. வடசேரியில் வாடகை வீடு. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். மீனவப் பெண்ணாக நடிக்க வந்த நாயகிக்கு எங்கள் பேச்சு வாயில் வரவில்லை. கொஞ்சம் இழுத்துப் பேசினால் மலையாளப் படத்தில் பேசுவதுபோல ஆகிவிடும், இழுக்காமல் பேசினால் மதுரைக்குப் போய்விடும். அவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஊர்க்காரி ஒருத்தி வேண்டும் என்று தேடி என்னிடம் வந்தார்கள். பேச்சை நான் சொல்லிக் கொடுக்கலாம். மீன் கழுவுவதும், ஏலத்தில் கூட்டத்தை முழங்கையால் விலக்கி நுழைவதும், தலையில் பாத்திரத்தோடு மணலில் சாயாமல் நடப்பதும் எனக்கு வராது. படித்து வாத்தியாரானவளுக்கு அந்த நடை போய்விட்டது. அதனால் நாயகியை எங்கள் மைனியிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

மைனி என்றால் என் அண்ணனின் மனைவி. மெலிந்த உடம்பு, பெரிய குரல். மீன் ஏலத்தில் அவள் விலை கேட்டுவிட்டால் வியாபாரிகள் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். யாரையும் கேலி செய்யாமல் அவளால் ஒரு பேச்சு பேச முடியாது. என்னை 'டீச்சரம்மே' என்று கூப்பிட்டால் கோபத்தில் இருக்கிறாள், 'பிள்ளே' என்று கூப்பிட்டால் நல்ல மனதோடு இருக்கிறாள் என்று பொருள். பிள்ளைகள் இல்லை. எங்கள் அம்மாவும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள், இரண்டு அடுப்பு வைத்துக்கொண்டு.

இரண்டு அடுப்பு ஏன் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சில வருடங்களுக்கு முன்பு, எதிர்பாராத ஒரு காற்றில், அண்ணன் போன வள்ளம் திரும்பவில்லை. கூடப் போனவர்களின் உடல்கள் கொல்லம் பக்கத்துக் கடலில் கிடைத்தன. அண்ணன் மட்டும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் கரையில் ஒரு முறை உண்டு. கொஞ்ச காலம் பார்ப்பார்கள். பிறகு ஒரு பெட்டி செய்து, போனவன் உடுத்திய துணியை அதில் வைத்து, ஆளை அடக்குவதுபோலவே பாட்டும் செபமுமாக அடக்கிவிடுவார்கள். அந்தத் துணி மண்ணுக்குள் போகிற வரைக்கும் அவன் செத்தவன் இல்லை. அவன் பெயரில் இறந்தவர்களுக்கான பூசை சொல்ல முடியாது, மெழுகுதிரி கொளுத்த முடியாது. மைனி அந்தப் பெட்டியை வைக்க விடவில்லை. வீட்டில் அடுப்பு இரண்டானது அதில்தான்.

அம்மா அழுது பார்த்தாள், ஏசிப் பார்த்தாள். "எனக்க மவன் தண்ணில அலஞ்சிட்டு கெடக்கான். அவன ஒரு எடத்துல படுக்க வைக்கவிடு" என்பாள். மைனி மீன் பாத்திரத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே பதில் சொல்வாள்: "ஒடம்ப காட்டுங்க மாமி. நானே பெட்டி வாங்கித் தாறேன்." வாரம் தவறாமல் அண்ணனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவாள். வெயிலில் அதன் கழுத்துப்பட்டை வெளுத்துப் போயிருந்தது. வந்து இறங்குகிறவருக்கு மாற்றுத் துணி வேண்டாமா என்பது அவள் வாதம். எங்கள் தெருவில் போகிறவர்கள் கொடியில் அந்தச் சட்டையைப் பார்த்ததும் நின்று, "தகவல் எதும் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். "வரும், வரும்" என்பாள் மைனி. கேட்டவர்களுக்கு நம்பிக்கை இருந்ததா என்று தெரியாது. ஆனால் கேட்பதை அவர்கள் விடவில்லை.

அவள் இவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கடைசியாகப் போன விடியலில் அண்ணன் வாசல் படி இறங்கி, நின்று, திரும்பினான். ஏதோ சொல்ல வருவதுபோல வாய் அசைந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை, எதையோ முக்கியமாக நினைத்துக்கொண்டவனின் முகம். கடலுக்கு இறங்கிவிட்டவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, எதுவும் கேட்கவும் கூடாது. எங்கள் கரையில் எந்தப் பெண்ணும் அதைச் செய்ய மாட்டாள். அதனால் மைனி 'என்ன?' என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. போய்விட்டான். "ஒங்கண்ணன் பறைய வந்தத பறையாம போனாவ, பிள்ளே. வந்து பறையாம இருக்கமாட்டாவ" என்பாள். அந்தச் சிரிப்பில்லாத முகம்தான் அவளுக்கு ஆதாரம். உலகத்தில் வேறு எந்த ஆதாரமும் அவள் கையில் இல்லை.

நாயகி நல்ல பெண். இதை இப்போதும் சொல்வேன். காலையில் வந்து மைனியோடு குத்தவைத்து உட்கார்ந்து சாளை மீன் கழுவினாள், கையைக் கிழித்துக்கொண்டாள், செதில் ஒட்டிய கையோடேயே எங்கள் வீட்டில் கட்டன் சாயா குடித்தாள். மைனி பேசுவதையெல்லாம் தன் போனில் பதிந்து வைத்துக்கொண்டு, ராகம் பிடிக்கப் பழகினாள். போன் எப்போதும் பக்கத்தில் கிடக்கும். அது ஒளிவுமறைவான காரியமில்லை, எல்லோருக்கும் தெரியும். மைனிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. "சினிமாக்காரியா இருந்தாலும் பிள்ளைக்கு மீன் நாத்தம் பிடிக்கி" என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தாள். ஒரு நாள் அந்தப் பெண் கொடியில் கிடந்த சட்டையைப் பார்த்து, யாருடையது என்று கேட்டாள். மைனி சொன்னாள். நான் அதிர்ந்துபோகும்படி, படியில் திரும்பியதையும் சேர்த்துச் சொன்னாள். அந்நியரிடம் சொல்வது சில நேரம் சுலபமாக இருக்கிறதுபோல. போன் பக்கத்தில்தான் கிடந்தது.

மறுநாள் இயக்குநரே வீட்டுக்கு வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தம் போடாத மனிதர். எல்லாப் பெண்களையும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார், சின்னப் பெண்களைக்கூட. படப்பிடிப்பில் 'கட்' சொல்வது அவருக்குப் பிடிக்காது. காட்சி முடிந்து நடிகர்கள் தளர்ந்து நிற்கும்போதும் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். "நடிச்சு முடிச்ச அப்புறம்தான் டீச்சர், மனுஷங்க வெளியே வருவாங்க. அதைப் பிடிக்கத்தான் நான் உட்கார்ந்திருக்கேன்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். மீன் கடிக்கும்வரை தூண்டிலை அசைக்காமல் உட்கார்ந்திருப்பவர்களின் பொறுமை அவருக்கு இருந்தது. அவர் பார்வை படாத இடமாகப் பார்த்து நான் உட்கார்ந்துகொள்வேன். காரணம் கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

காணாமல் போனவனின் கடைசி விடியலைத் தொப்பி வழியாகப் பார்க்கும்போது, வாசலில் நின்று தான் கண்டதும் அவன் மனைவிக்குத் திரும்ப வருகிற காட்சிக்கு மைனி சொன்னதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சட்டையையும் கேட்டார். புதுச் சட்டைகளைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி, உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தார்களாம், கடலில் கிடந்த துணியின் களை வரவில்லையாம். மைனி ஒரு கேள்வி கேட்டாள்.

"கதைல கடசில அவன் வருவானா?"

"படத்தை முழுசா பாருங்கம்மா" என்றார் அவர், மிகவும் கனிவாக.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மைனி அதை 'வருவான்' என்று எடுத்துக்கொண்டாள். அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். கொடியிலிருந்து சட்டையை எடுத்து, உதறி, மடித்து, இரண்டு கைகளாலும் கொடுத்தாள். "கிழியாம கொண்டு வந்து தரணும். ஆளு வந்தா உடுத்த வேண்டியது" என்றாள். இயக்குநர் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார். உள்ளறையிலிருந்து அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த விடியல் காட்சியை எங்கள் தெருவிலேயே வேறொரு வீட்டில் எடுத்தார்கள். மைனிக்கு இயக்குநருக்குப் பின்னால், சின்னத் திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். நாயகனாக நடித்த பையன் அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். அண்ணனைவிட உயரம், வெள்ளைவெளேரென்ற பல்வரிசை, முகத்தில் கறுப்புப் பூச்சு. ஆனால் அவன் முதுகைக் காட்டிப் படி இறங்கியபோது நானே ஓரடி முன்னால் வைத்துவிட்டேன். தோளில் அந்தத் துணி இழுபட்ட விதம் அப்படியே அண்ணன். அவன் நின்றான், திரும்பினான், வாயைத் திறந்தான், எதுவும் சொல்லாமல் சிரித்தான்.

"சிரிக்கப்பிடாது" என்றாள் மைனி, உரக்க. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது கதைக்கு வேணும்மா. அவன் சிரிச்சாத்தான் பார்க்கிறவங்களுக்கு வலிக்கும்."

"அவிய சிரிக்கல்ல. எனக்குத் தெரியும்லா. நான்தானே வாசல்ல நின்னேன்."

இயக்குநர் மறுக்கவில்லை. "சரிம்மா, சிரிக்காமலும் ஒண்ணு எடுத்துடுவோம்" என்று எடுத்தார். மைனிக்குத் திருப்தி. சாயங்காலம் மணலில் நடந்து வரும்போது சின்னப் பெண்போல என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பின்னால இருந்து பாத்தா அவியதான், இல்லியா பிள்ளே?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

படத்தில் ஓர் அடக்கக் காட்சியும் இருந்தது. தொப்பியில் எல்லாவற்றையும் பார்த்து முடித்த மனைவி, கடைசியில் புருஷனின் துணியைப் பெட்டியில் வைத்து அடக்குகிறாள். கல்லறைத் தோட்டத்துக்குள் எடுக்கப் பங்குச் சாமியார் அனுமதிக்கவில்லை. அதனால் சுவருக்கு வெளியே, கடலைப் பார்த்த வெறும் மணலில், தெர்மாகோல் சிலுவைகளை வரிசையாக நட்டு ஒரு கல்லறைத் தோட்டம் செய்தார்கள். கூட்டத்துக்கு எங்கள் ஊர்ப் பெண்களையே கூப்பிட்டார்கள். வேலையிலிருந்து ஓய்ந்திருந்த கோயில் உபதேசியாரையே உபதேசியாராக நிற்க வைத்தார்கள். அம்மாவும் போய் முன்வரிசையில் நின்றாள். மைனியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. படத்துக்குத்தானே, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். மைனி வழக்கம்போல மீனை எடுத்துக்கொண்டு தக்கலைச் சந்தைக்கு வேன் ஏறிவிட்டாள்.

விடியல் காட்சியில் நாயகன் போட்டிருந்த சட்டைதான் பெட்டிக்குள்ளும் போக வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று உடைக்காரர் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து அண்ணனின் சட்டையை எடுத்து நாயகியிடம் கொடுத்தார்கள். அவள் அதை முகத்தில் ஒற்றிப் பெட்டியில் வைத்தாள். நன்றாக நடித்தாள். மூடியை மூடினார்கள். உபதேசியார் உதட்டை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அவருக்கு அது முடியவில்லை. ஆயுசு முழுக்கப் பெட்டியின் தலைமாட்டில் நின்று செபம் சொன்ன மனிதர். தொண்டை தானாகத் திறந்து, செபம் முழுக்குரலில் வந்தது. பெண்கள் பழக்கத்தில் பதில் சொன்னார்கள். நடுவில் இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. கதையில் அந்த ஆளுக்கு என்ன பெயர் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. பெட்டியைப் பார்த்தார், முன்வரிசையில் நின்ற அம்மாவைப் பார்த்தார். என் அண்ணனின் ஞானஸ்நானப் பெயரை, எங்கள் அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார்.

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இத்தனை வருடமாக அவள் அப்படி அழுததில்லை, அழ அவளுக்கு இடம் இருந்ததில்லை. பெட்டியின்மேல் விழுந்து, பிள்ளையாய்த் தூக்கியதிலிருந்து தொடங்கிச் சொல்லிச் சொல்லி அழுதாள். பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நாயகி பயந்துபோய்ப் பின்வாங்கி நின்றாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. நான் இயக்குநரைப் பார்த்தேன். அவர் சின்னத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், யாரும் நகரவேண்டாம் என்று கையை மட்டும் லேசாக உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'கட்' சொல்லவில்லை. எனக்கும் அழுகை வந்தது. அழுதபோது நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குழியை மூடியது சினிமாக்காரர்கள் இல்லை. எங்கள் ஊர் ஆண்கள். வேடிக்கை பார்த்து நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள், பிறகு மண்வெட்டியை வாங்கித் தள்ளினார்கள். எல்லாம் முடிந்தபின் உதவி இயக்குநர் ஒருவர் வந்து, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, பெட்டியை எடுத்து இன்னொரு தடவை செய்யலாமா என்று கேட்டார். முன்வரிசையில் நின்ற ஒரு பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒருத்தன ரெண்டு தடவ அடக்கமாட்டோம் மக்கா." அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

மைனி சந்தையிலிருந்து வந்தபோது வேன்களில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெருவில் நுழைந்ததிலிருந்து யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. காலிப் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். தெர்மாகோல் சிலுவைகளைப் பிடுங்கி எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். வெறும் மணலில் ஒரே ஒரு மேடு மட்டும் இருந்தது. அவள் மண்டியிட்டுக் கையால் தோண்டத் தொடங்கினாள். பெண்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். அடக்கின பெட்டியைத் திறக்கும் வழக்கம் இங்கே கிடையாது என்று ஒருத்தி சொன்னாள், அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

"சினிமாவுக்கு அடக்கினது சினிமாக்காரனத்தான். எனக்க மாப்பிளய இல்ல" என்று மைனி கத்தினாள்.

இயக்குநர் அவள் பக்கத்தில் வந்து மணலில் உட்கார்ந்தார். வேறு சட்டை எத்தனை வேண்டுமானாலும் வாங்கித் தருவதாகச் சொல்லும் அளவுக்கு அவர் மோசமானவரில்லை. "படத்துல அவர் என்னைக்கும் இருப்பாரும்மா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மைனி அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. எங்கள் வீட்டுக்குள் ஏதோ நுழைந்துவிட்டது, இனி வெளியே போகாது என்று எனக்கு அப்போது தோன்றியது.

பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து, அது வெறும் படப்பிடிப்பு, அதில் எதுவும் செல்லாது என்று பொறுமையாக விளக்கினார். அம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு, மறுவாரமே அண்ணன் பெயர் எழுதிய சிமென்ட் சிலுவை ஒன்றைச் செய்து அந்த மேட்டில் நட்டாள். அவள் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கியிருந்தாள். மைனி அண்ணனின் வேறொரு சட்டையை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டாள். தெருவில் போனவர்கள் அதைப் பார்த்தார்கள், பார்க்காததுபோலப் போனார்கள். 'தகவல் உண்டா' என்று அதன்பிறகு ஒருவரும் கேட்கவில்லை. மைனி வாசலில் நின்றுகொண்டு, கேட்பார்களா என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பாள். அதை என்னால் பார்க்க முடியாமல் விடுமுறை முடிவதற்கு முன்பே வடசேரிக்குப் போய்விட்டேன்.

படம் மார்த்தாண்டத்தில் ஓடியபோது ஊரே வேன் பிடித்துப் போயிற்று. நீல விளக்கும் இரைச்சலும் திரையில் உண்மையாகவே மிரட்டின. அடக்கக் காட்சியில் யாரும் நடித்ததாகத் தெரியவில்லை என்று எல்லோரும் பாராட்டினார்களாம். அம்மா தன் அழுகையைத் தானே பார்த்துவிட்டு வந்து, "நல்லா எடுத்திருக்கான்" என்றாள். விடியல் காட்சியில் அவர்கள் வைத்திருந்தது சிரிக்கிற முகத்தைத்தான். மைனி போகவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் பிறகு படம் போனுக்கு வந்தது. யாரோ மைனியின் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அடுத்த முறை ஊருக்குப் போனபோது, ஒரு காட்சியை மட்டும் திரும்பப் பார்க்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். கீழே ஓடும் கோட்டை விரலால் இழுக்கக் காட்டிக் கொடுத்தேன். அதன்பிறகு எப்போது போனாலும் அவள் கையில் போன் இருக்கும். மீன் கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு எடுப்பாள். சத்தத்தை அணைத்துவிடுவாள். முதுகு காட்டிப் படி இறங்குகிற சட்டை, நிற்கிறது, திரும்புகிறது. கோட்டை இழுப்பாள். மறுபடி இறங்குகிறது, நிற்கிறது, திரும்புகிறது. தொப்பியை மாட்டிய நாயகி படத்தில் எப்படி உட்கார்ந்திருந்தாளோ, அதே மாதிரி முதுகை வளைத்து உட்கார்ந்திருப்பாள். கேலிப் பேச்சு குறைந்துவிட்டது. என்னை டீச்சரம்மே என்றும் கூப்பிடவில்லை, பிள்ளே என்றும் கூப்பிடவில்லை. போதும் மைனி, வையுங்கள் என்று நான் சொன்னால், "இந்தா, இப்பம் வந்துருவாவ" என்பாள். முகம் வருகிற இடத்தைத்தான் சொல்கிறாள் என்று தெரியும். ஆனாலும் கேட்க என்னவோபோல இருக்கும்.

போன கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா விடிந்ததும் பூவோடு அந்த மேட்டுக்குப் போய்விட்டாள். மைனி வீட்டில் இருப்பாள், அன்றைக்கு அவள் வெளியே வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். உள்ளே போனபோது அவள் குளித்து, நல்ல சேலை உடுத்தி உட்கார்ந்திருந்தாள். கொடி காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்தியா பிள்ளே?" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒங்கண்ணன் அன்னைக்கு படில நின்னு திரும்புனாவல்லா, எனக்கு நல்லா ஓர்மை இருக்கு. சிரிச்சிட்டுதான் போனாவ."

நான் அவளைப் பார்த்தேன். கண்ணில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. வாசலில் நின்று கண்ணால் கண்டவளின் உறுதியோடுதான் சொன்னாள்.

"சிரிச்சிட்டு போனவியளுக்கு பறைய ஒண்ணும் இல்ல, பிள்ளே. நான்தான் சும்மா காத்துக் கெடந்திருக்கேன். மாமி சொன்னது சரிதான். நீ போய் ஒரு மெழுகுதிரி வாங்கிட்டு வா. காத்துல அணையாத மாதிரி பெருசா பாத்து வாங்கு."

இல்லை மைனி, அண்ணன் சிரிக்கவில்லை, நீங்கள்தான் சொன்னீர்கள் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? மறுபடி கொடியில் சட்டை விழும், மறுபடி அவள் தெருவில் போகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சொல்லாவிட்டால், எதையோ சொல்ல வந்து சொல்லாமல் போன என் அண்ணன் இந்த உலகத்தில் எங்கேயும் இல்லாமல் போவான். அவன் சிரிக்கவில்லை என்பது எங்கள் ஊரில் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். நானோ அன்று அந்த வாசலில் இருந்தவள்கூட இல்லை.

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மெழுகுதிரி வாங்கப் போனேன்.